மழை பெய்யாத ஊரில் ஒரு வீடு

வெளிநாட்டில் வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்கள் முதலில் அந்த ஊரில் மழை எப்படி என்று பார்க்க வேண்டும், இன்ஸ்பெக்டர் சார். விலையும் வரியும் அதற்கப்புறம்தான். நான் அதைக் கடைசியில்தான் பார்த்தேன்.

இரண்டு வருடம் யோசித்தேன். மலேசியா என்றால் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஜார்ஜியாவில் விலை மலிவு, ஆனால் போய் வந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. துபாயில் வாடகை தவறாமல் வரும் என்றார்கள். உத்தமபாளையத்தில் என் சிமெண்ட் கடையில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்ப்பேன். முதலில் நம் வீட்டு ஒழுகலை அடைத்துவிட்டு அப்புறம் துபாய்க்குப் போகலாம் என்று என் மனைவி செலின் கேலி செய்வாள்.

வாங்க வேண்டுமென்றால் ராயப்பன்பட்டியில் இருந்த திராட்சைத் தோட்டத்தை விற்க வேண்டும். அது என் தம்பி அருண் ஜோசப் பேரில் இருந்தது. நாற்பது வயதிலும் அவன் குழந்தை மாதிரி. அப்பா விவரமானவர். அவன் உயிரோடு இருக்கும்வரை தோட்டத்தை யாரும் விற்கக் கூடாது, அவனுக்குப் பிறகு எனக்கு என்று எழுதி வைத்திருந்தார். அவனை நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பினார். பார்த்துக்கொண்டும் இருந்தேன், அப்பா போன பிறகு பதினோரு வருடம். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவனால் ஒரு தொல்லையும் கிடையாது. சொன்னால்தான் செய்வான். தட்டில் சோற்றை வைத்துவிட்டுச் சாப்பிடு என்று சொல்ல மறந்தால் சோறு ஆறிப்போகும், கை வைக்க மாட்டான். பழம் வெட்டும் நாட்களில் அப்பா அவனைப் பெட்டிகளுக்குக் காவல் வைப்பார். உச்சி வெயிலிலும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான்.

அந்த ஜூன் மாதம் ஒருவர் தோட்டத்துக்கு நல்ல விலை கேட்டு வந்தார். சீக்கிரம் முடிவு சொல்லச் சொன்னார். மறுநாள் அருணைக் காரில் ஏற்றிக் கம்பம்மெட்டு வழியாக மலை மேலே கூட்டிப்போனேன். கம்பத்தில் வெயில் அடித்தது. மெட்டைத் தாண்டியதும் மழை. ஏலக்காய்த் தோட்டங்களைத் தாண்டி ஆள் நடமாட்டமில்லாத ஒரு பாதையில், ஒரு பாறை மேல் உட்கார வைத்து மடியில் ஒரு பையை வைத்தேன்.

"இங்கனயே இருடா. நான் வந்து கூப்புடுறவரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"சரிண்ணே. நீங்க வருவீகள்ல?"

வருவேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து அவனைக் காணோம் என்றேன். ஊரே தேடியது. நானும் சேர்ந்து தேடினேன். மலையில் ஆறு நாள் விடாத மழை. ஏழாம் நாள் தோட்ட வேலைக்குப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். பாறையை விட்டு இறங்காமலே செத்திருந்தான். புத்தி தெளியாதவன் வழி தவறிவிட்டான் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கோவிலில் அவனுக்காகப் பூசை வைத்தபோது முன்வரிசையில் முட்டி போட்டிருந்தேன். அதை நினைத்தால் வெட்கத்தில் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு மலேசியா வேண்டாம் என்றேன். அங்கே வருடம் முழுக்க மழையாம். தோட்டத்தை விற்றுத் துபாயில் வாங்கினேன். அடுத்த ஏப்ரலில் தரகர் ஒரு வீடியோ அனுப்பினார். எங்கள் கட்டடத்தின் வாசலில் முழங்கால் தண்ணீர், மேலே கொட்டுகிற மழை. வீட்டுக்கு ஏதாவது சேதமா என்று செலின் கேட்டுக்கொண்டே இருந்தாள். என் காதில் அருணின் கேள்விதான் விழுந்தது. அன்று முதல் சோறு இறங்கவில்லை. அதனால்தான் வந்தேன்.

எல்லாம் நான் செய்ததுதான் சார், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை வெறுங்கையோடு விட்டுவிட்டு வரவில்லை. அந்தப் பையில் பன்னும் புதுக் குடையும் வைத்திருந்தேன். குடை மடித்தபடியே கிடைத்ததாகப் போலீஸில் அப்போதே எழுதியிருக்கிறார்கள். அவன் அதை விரித்திருக்கலாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.