படைத்த முறுக்கும் ஜெபித்த கேக்கும்

பசறை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில், ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இருவர். மேரி கேக் நீட்டினாள்.

"ஜெபம் பண்ணிச் சுட்டது, செல்வி. நத்தாருக்கு எங்க சபைக்கு வா. ஏசு ஒனக்காகவுந்தான் பொறந்தாரு."

செல்வி மென்றுகொண்டே சொன்னாள்: "தீபாவளிக்கு நான் குடுத்த முறுக்க, சாமிக்குப் படைச்சதுன்னு வாசல்லயே திருப்பிக் குடுத்த. இப்ப நான் ஒன் கேக்கத் திங்கிறேன், எங்க முருகன் ஒண்ணுஞ் சொல்லல. ஒங்க ஏசுதான் ஒரு முறுக்குக்குப் பயந்துட்டாரா?"

மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே கேட்டாள்:

"அந்த முறுக்கு மிச்சமிருக்கா?"

"தீபாவளி முறுக்கு நத்தார் வரைக்கும் இருக்குமா? பொங்கலுக்கு வா. பொங்கலையும் படைச்சுட்டுத்தான் தருவேன்."

"சக்கரை கொஞ்சம் கூடப் போடு" என்றாள் மேரி.