மஹ்ரூஸின் கனம்

— மீன் வாங்கப் போறேன்னுதானே கிளம்பினே? கையில மீன் எங்கே, உம்மு தாஹா?

— விலை படியலைங்க. திரும்பி வந்துட்டேன்.

— முந்தாநாளும் படியலையா?

— முந்தாநாள் நல்ல மீனே வரல. காத்து அடிச்சுச்சுல்ல, படகு எதுவும் கடலுக்குப் போகல.

— கட்டில்ல கிடக்கிறவனுக்குக் காத்து தெரியாதுன்னு நினைச்சியா? தலைமாட்டுலயே ஜன்னல். கொடியில ஒரு துணி அசையல அன்னைக்கு.

— என்ன இது, போலீஸ்காரர் மாதிரி விசாரணை? சாய்ஞ்சு கிடக்கிறீங்க, இருங்க, தலையணையைச் சரி பண்றேன்.

— தலையணை இருக்கட்டும். உம்மு வஜீஹ் வந்துட்டுப் போனா.

— எதிர்வீட்டுக்காரிகிட்ட சாவி கொடுத்து வச்சது உங்களுக்கு ஒரு அவசரம்னா வந்து பார்க்க. கதை அளக்க இல்ல.

— வாசப்படியிலயே நின்னுதான் பேசினா, பாவம். ‘மாஷா அல்லாஹ், அபூ தாஹா, உங்க இன்சாஃப் இந்த வயசுல ஜிம்முக்குப் போறாளே, எனக்கும் ஆசைதான், எங்க வீட்டுல விடமாட்டாரு’ன்னா. எனக்கு மூஞ்சியை எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியல. அந்தப் பக்கம் திருப்பிக்கலாம்னா கழுத்தும் திரும்பித் தொலைக்கல.

— ம்.

— ம்னா? பொய்யா, நிஜமா? சொல்லு பார்ப்போம்.

— நிஜம்.

— ஜிம்.

— ஆமாங்க, ஜிம். மிஷப்பக் பொரிக்கிறானே, அந்த இனிப்புக் கடைக்கு மேல்மாடி. மத்தியானம் ளுஹர் தொழுகை வரைக்கும் பொம்பளைங்களுக்கு மட்டும். ஆம்பளை வாசனையே கிடையாது. சொல்லிக்கொடுக்கிறவளும் பொம்பளைதான், கேப்டன் ஸமீஹா.

— எப்போலேர்ந்து?

— பெருநாள் முடிஞ்சதுலேர்ந்து.

— பெருநாளிலேர்ந்து என்கிட்ட மீன் கதை சொல்லிட்டிருக்கே.

— சொன்னா விடுவீங்களா?

— எப்படி விடுவேன்? தம்யாத்துல இந்தத் தெருப் பள்ளிவாசல்ல தாடி கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து பாங்கு சொன்னவன் இந்த மஹ்ரூஸ். என் பொண்டாட்டி இரும்பு தூக்குறாள்னு நாலு பேர் பேசணுமா? புருஷன் வீட்டைத் தவிர வேற இடத்துல துணியைக் களையுறவ, தனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல இருக்கிற திரையைக் கிழிக்கிறாள்னு நம்ம ஷேக் ஓதினது உன் காதுல விழலையா?

— விழுந்துச்சு. அதனாலதான் நான் அங்கே துணியே மாத்துறதில்ல. வீட்டுலயே உள்ளே போட்டுக்கிட்டுப் போறேன். மேலங்கியை மட்டும் கழட்டி ஆணியில மாட்டுவேன்.

— உள்ளே என்ன?

— நம்ம பையன் தாஹாவோட பழைய பைஜாமா. அவன் குவைத்துக்குப் போறப்போ விட்டுட்டுப் போனானே, முட்டியில ஒட்டுப் போட்டது. அதைப் பார்த்து மயங்க ஷைத்தானுக்கே மனசு வராது.

— சிரிக்காதே. சுவர் பூராவும் கண்ணாடியாமே?

— ஆமா. ஒரு தடவை பார்த்தேன். மாவு மூட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி ஒருத்தி நின்னா. அதுக்கப்புறம் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்.

— பாட்டு?

— போடுறாங்க. நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். சின்னப் பொண்ணுங்க ‘பாட்டு இல்லேன்னா கால் நகராது, ஹாஜ்ஜா’ன்னுட்டாங்க. நான் என்ன பண்றது? ஒவ்வொரு தூக்கலுக்கும் ஒரு ஸுப்ஹானல்லாஹ். வாய்க்குள்ளயே.

— இரும்புக் கட்டைக்கு திக்ரா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கியா?

— நீங்க அலமாரியை முதுகுல கட்டிக்கிட்டு நாலாவது மாடிக்கு ஏறுவீங்களே. படிக்குப் படி ‘யா கவீ, பலம் கொடு, யா கவீ, பலம் கொடு’ன்னு. கீழே நிக்கிற எனக்குக் கேட்கும். அது மட்டும் என்ன?

— அது பிழைப்பு, இன்சாஃப். நானே அறுத்து, நானே இழைச்சு, நானே சுமந்த மரம். தேவைப்பட்டவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சு. நீ தூக்குற இரும்பு எங்கே போய்ச் சேருது? எடுத்த இடத்துலயே திருப்பி வைக்கிறே. அதுக்குப் பேரு என்ன? பெருமை. உடம்பைப் பார்த்துத் தானே மெச்சிக்கிறது.

— எங்கே போய்ச் சேருதுன்னு தெரியணுமா உங்களுக்கு?

— சொல்லு பார்ப்போம்.

— இந்தக் கட்டில்லேர்ந்து அந்தச் சக்கர நாற்காலிக்கு. நாற்காலியிலேர்ந்து குளியலறைக்கு. திரும்பவும் கட்டிலுக்கு. வேற எங்கேயும் இல்ல. நான் தூக்குற இரும்பெல்லாம் நீங்கதான். அப்படிப் பார்க்காதீங்க. நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

— இத்தனை நாள் தூக்கலையா நீ? தசை கரையுற வியாதின்னு மன்ஸூரா டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து நீதானே தூக்குறே?

— உங்க அண்ணன் பசங்க முதல்ல வந்தாங்க. காலையில ஒருத்தன், சாயங்காலம் ஒருத்தன். அப்புறம் பெரியவனுக்குப் பட்டறையில வேலை, சின்னவனுக்குக் கல்யாணம். வர்றது நின்னுபோச்சு. தனியாத் தூக்க ஆரம்பிச்சேன். முடியாமத்தானே அன்னைக்கு உங்களைக் கீழே போட்டேன்.

— அந்தப் பேச்சு வேண்டாம்.

— வேணும். இன்னைக்குப் பேசித்தான் ஆகணும். ஈரத் தரை. சோப்பு. என் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. விழுந்தீங்க. ளுஹர் பாங்கு சொல்றப்போ விழுந்தீங்க, சாயங்காலம் அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். அக்குள்ல கையைக் கொடுத்து இழுத்தேன், போர்வையைக் கீழே விட்டு இழுத்தேன். ஒரு சாண் நகரல. உங்க உதடு நீலம் பாஞ்சு போச்சு. அப்புறம்தான் ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

— போதும், இன்சாஃப்.

— கசாப்புக்கடை ஜாத் வந்தான். காப்பிக்கடையில உட்கார்ந்திருந்தவங்க வந்தாங்க. பேர் தெரியாதவன் ஒருத்தன். நான் ஒரு துண்டைப் போட்டு மூடினேன், அவங்க தூக்குறப்போ அது நழுவிடுச்சு. எனக்கு ரெண்டு கையும் உங்க தலைக்குக் கீழே. எடுத்துப் போட முடியல.

— ஜாத் இன்னைக்கு வரைக்கும் என் கண்ணைப் பார்க்கிறதில்ல. விசாரிக்க வந்தான்ல, பேசினதெல்லாம் சுவரைப் பார்த்து. நல்ல மனுஷன்.

— அன்னைக்கு ராத்திரி நீங்க அழுதீங்க. நான் தூங்கிட்டதா நினைச்சு அழுதீங்க. அப்போ நினைச்சேன், இனிமே இந்த மனுஷனோட மானத்தை இன்னொருத்தன் பார்க்கக் கூடாது. என் கை போதுமானதா இருக்கணும். அதுக்கு எங்கே போகணுமோ அங்கே போவேன். என் திரை கிழியுது கிழியுதுங்கிறீங்க. உங்க திரையைத் தாங்கிப் பிடிக்கத்தான் போனேன்.

— என்கிட்டச் சொல்லியிருக்கலாம்.

— சொன்னா இதையேதான் ஓதியிருப்பீங்க. ஒண்ணு கேளுங்க, நானும் மனசு கேட்காம ஷேக்குக்கு ஃபோன் பண்ணினேன். நம்ம தெரு ஷேக் இல்ல, மன்ஸூராவுல ஒருத்தர். பேர் சொல்லல. ‘ஒரு பொண்ணு, புருஷன் படுத்த படுக்கை, தூக்க ஆள் இல்ல’ன்னேன். ‘அவசியம்னு வந்துட்டா வாசல் திறக்கும் மகளே, மறைப்போட போ’ன்னாரு.

— அவசியம்.

— ஆமா.

— அவசியத்துக்குத் திறந்த வாசலை, அவசியம் தீர்ந்ததும் சாத்திடணும். அதையும் சொன்னாரா?

— எப்போ தீரும்?

— நான் தீர்றப்போ.

— அல்லாஹ்வுக்காக வாயை மூடுங்க. நாற்காலிக்கு வர்ற நேரமாச்சு, தொழுகைக்கு உளூ செய்யணும். வாங்க, காட்டுறேன். நீங்களே பாருங்க, ஜிம்முல பெருமையடிக்கிறேனா, வேற ஏதாவது செய்றேனான்னு. கையை என் கழுத்துல போடுங்க. விரல் கோக்க வராதா? பரவால்ல, நான் பிடிச்சுக்கிறேன். முட்டியை என் முட்டிக்கு முட்டுக் கொடுங்க. கேப்டன் சொல்லித்தந்தது இதெல்லாம். இடுப்பால தூக்கக் கூடாதாம், தொடையால தூக்கணுமாம்.

— மெதுவா, இன்சாஃப்.

— பிஸ்மில்லாஹ். வந்தீங்களா? இதோ, நாற்காலி. பார்த்தீங்களா! மூச்சு கூட வாங்கல எனக்கு. பெருநாளப்போ இதே தூக்கலுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. நேத்து கேப்டன்கிட்டச் சொன்னேன், ‘இப்பல்லாம் அவரு பஞ்சு மாதிரி வர்றாரு’ன்னு. அவ என் கையைத் தடவிப் பார்த்துட்டு, ‘ஹாஜ்ஜா, இங்கே இன்னும் ஒண்ணும் ஏறலையே, எப்படித் தூக்குறீங்க’ன்னு சிரிக்கிறா. அவளுக்கு என்ன தெரியும்?

— அவளுக்குத் தெரியும்.

— என்ன?

— ஒண்ணும் இல்ல. தண்ணி கொண்டா. அஸருக்கு நேரமாகுது.

— இருங்க. முதுகுல என்ன இது, முடிச்சு முடிச்சா தட்டுப்படுது?

— சட்டையை விடு.

— விலா எலும்பா இது? அன்னைக்கு விழுந்ததுக்கு அப்புறம் ஒரு நாளாவது சட்டையைக் கழட்ட விட்டீங்களா? நனைஞ்ச துணியோடதான் குளிப்பாட்டணும்னீங்க. வெட்கப்படுறீங்க, பாவம்னு விட்டேன். காட்டுங்க.

— இன்சாஃப், விடு. வியாதி தின்னுது. அவ்வளவுதான்.

— கை கால்லதான் முதல்ல கரையும்னு டாக்டர் சொன்னாரு. இது கரைஞ்சது இல்ல. இது பட்டினி. யா அல்லாஹ், வயிறு முதுகோட ஒட்டிக் கிடக்கு. நான் தினமும் பக்கத்துல வச்சுட்டுப் போற ரொட்டி எங்கே போகுது? அபூ தாஹா. என்னைப் பாருங்க. ரொட்டி எங்கே போகுது?

— புறாவுக்கு.

— எந்தப் புறாவுக்கு?

— ஜன்னலுக்கு வர்றதுக்கு. அந்த அளவுக்கு இன்னும் கை தூக்க முடியுது.

— ராத்திரி வயிறு மந்தமா இருக்குன்னு பாதியில தள்ளிவிடுவீங்களே, அதுவும்?

— அதுவும்தான்.

— எப்போலேர்ந்து?

— குளியலறையில விழுந்தேனே, மறுநாள்லேர்ந்து. என் எடை எனக்குத் தெரியாதா? ஆயிரம் அலமாரி தூக்கினவன். எந்த மரத்துக்கு எத்தனை ஆள் வேணும்னு பார்த்தவுடனே சொல்லுவேன். தேக்கை ஒருத்தியால தூக்க முடியாது. ஆளை மாத்த முடியலேன்னா மரத்தை மாத்தணும்.

— நான் பஞ்சு மாதிரி வர்றீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேனே. என் கைக்குப் பலம் வந்துடுச்சுன்னு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ரெண்டு ரக்அத் தொழுதேனே, படுபாவி மனுஷா! அப்போ என்ன நினைச்சீங்க, படுத்துக்கிட்டு?

— நீ சந்தோஷமா இருந்தே. கெடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்.

— பைஜாமா போட்டது பாவம். பாட்டு காதுல விழுந்தது பாவம். இது என்ன? தன் உடம்பைத் தானே அழிக்கிறதுக்கு உங்க ஷேக் என்ன பேரு வச்சிருக்காரு? ஓதுங்க, கேட்கிறேன்.

— பேரு எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சேவா?

— தெரிஞ்சேதான். ராத்திரியெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன், காலையில புறாவுக்குப் போடுறேன்.

— அழக்கூடாதுன்னு பார்க்கிறேன், முடியல. இந்தாங்க, பீன்ஸ் மசியல் சூடாத்தான் இருக்கு. வாயைத் திறங்க. திறங்கன்னு சொல்றேன்ல. சரி, பாங்கு சொல்றாங்க, முடியட்டும்.

— குரல் உடையுது அந்தப் பையனுக்கு. மூச்சை எங்கே நிறுத்தணும்னு தெரியல.

— பேச்சை மாத்தாதீங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. இவ்வளவு பெரிய பாவத்தைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு, என் இத்துனூண்டு ஜிம்மை எதுக்கு ஹராம் ஹராம்னு பிடிச்சுக்கிட்டு நின்னீங்க? நிஜமாவே ஹராம்னா நினைச்சீங்க?

— இல்ல. உம்மு வஜீஹ் ஜிம் விஷயத்தைச் சொன்ன நிமிஷமே தெரியும், அல்லாஹ் உன்மேல கோபப்பட மாட்டான்னு.

— பின்னே என்னத்துக்கு?

— நிஜமாவே உனக்குப் பலம் வந்துட்டா, நான் சாகுறதுக்கு ஒரு காரணமும் மிச்சம் இருக்காதே, இன்சாஃப்.