எஞ்சின் மூடிமேல் அயர்லாந்துப் பாடகர்

"அயர்லாந்துக்காரரை எஞ்சின் மேல வெச்சுட்டீங்களேண்ணா."

குன்னூரிலிருந்து ஊட்டி செல்லும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் சொன்னாள். அவள் அண்ணன் எழுந்துபோய், டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் மற்றவர்களின் பைகளோடு வைத்திருந்த துணிப்பொதியை எடுத்துவந்து பிரித்தார். உள்ளே ஒரு பழைய இசைத்தட்டு. சூட்டில் அதன் ஓரம் அப்பளம் போல் வளைந்திருந்தது.

"என்னைப் பொதைக்கறப்ப இவரு பாட்டுத்தான் வெக்கோணும்னாரு அப்பா. அவரு கேட்டது அது ஒண்ணுதானுங்க."

"எஸ்டேட்டு துரை ஊருக்குப் போறப்ப குடுத்தது, பாப்பா. வேற தட்டுக்கு எங்க போறது?"

"துரையும் போயிட்டாரு, பாடுனவரும் போயிட்டாரு. கொரல் மட்டும் இருந்துச்சு. அதையும் வேக வெச்சுட்டீங்க."

"சும்மா இரு. சூடு ஆறறதுக்குள்ள அமுக்குனா நிமுந்துக்கும்."

அவள் மடியிலிருந்த தகரப்பெட்டியின் மூடிமேல் தட்டை வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினார்.

"லவ்டேல் எறங்குங்க" என்றார் கண்டக்டர். அண்ணன் பாதி எழுந்தார்.

"கையெடுக்காதீங்கண்ணா. இன்னும் ஆறலீங்க."

"கல்லறைல எல்லாரும் காத்துட்டிருப்பாங்க, பாப்பா."

"ஊட்டி போயித் திரும்பி வரலாமுங்க. அப்பாவுக்கு இனி என்ன அவசரம்?"

அவர் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.