பொத்தானை அழுத்திப் பிடித்த நான்கு நிமிடம்

காலை 9.40. மலை இரைகிறது. லொறியில் கல் கொட்டுகிற சத்தம். ஆனால் நிற்காத சத்தம்.

"மண்ணு வருது! ஓடு! ஓடு!"

பிள்ளைமடுவத்துக்குள் பாய்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஒற்றை அறை. எனக்குப் பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொள்கிறது. சாத்தியது காற்று அல்ல. சேறு.

உள்ளே பதினொரு பேர். ஒன்பது பிள்ளைகள், ஆயாம்மா, நான். ஜன்னலில் இரும்புக் கம்பி. கதவிடுக்கில் தண்ணீர் வருகிறது.

பன்வில பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. மூன்று நாள் மழை. கரண்ட் இல்லை. போன் டவரும் செத்துவிட்டது. ஆனால் என்னிடம் வோக்கி டோக்கி இருந்தது. பிலிமத்தலாவையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கார் நிறுத்துகிற வேலை எனக்கு. அங்கே பழசென்று ஒதுக்கிய மூன்று செட்டையும் கேட்டு வாங்கி, பற்றரி மாற்றி, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, கொண்டுவந்திருந்தேன்.

ஒன்று என்னிடம். ஒன்று பக்கத்து வீட்டுச் செல்விக்காவிடம். மலை உச்சியில் நின்று, மழையில் நிலம் பிளந்த வெடிப்பைப் பார்க்கிறார். மூன்றாவது, டவுனில் கடை வைத்திருக்கும் பளீல் நானாவிடம். கீழே பாலத்தடியில் லொறியோடு நிற்கிறார்.

விடிந்ததும் கொடுத்தேன். செல்விக்கா சிரித்தார். "ஏன்டா, மாப்பிள்ளை கார் வந்திருச்சுன்னு சொல்ற சாமானா இது? மலை வந்தாலும் சொல்லுமா?"

"ஓவர், ஓவர்ண்டெல்லாம் நான் சொல்ல மாட்டன் தம்பி," என்றார் நானா. "வெக்கமா இரிக்கி."

நான்தான் விளக்கினேன். பொத்தானை அழுத்தினால் பேசலாம், கேட்காது. விட்டால்தான் கேட்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் கிட்ட இருக்கிற செட்டின் குரல்தான் விழும். தூரத்துக் குரல் அமுங்கிப்போகும். எனக்கும் நானாவுக்கும் நடுவில் மலை முதுகு, நேரே பேச முடியாது. உச்சியில் இருக்கிற அக்காவுக்கு இரண்டு பக்கமும் கேட்கும். எல்லாம் தெரிந்தவன் நான்.

9.52. முழங்காலுக்குத் தண்ணீர். பிள்ளைகளை மேசைமேல் ஏற்றியாயிற்று. பொத்தானை அழுத்துகிறேன்.

"செல்விக்கா! கதவு அடைபட்டிருச்சு! தண்ணி ஏறுது! கதவைப் பேக்க அலவாங்கு எடுத்துக்கிட்டு குறுக்குப் பாதையில வாங்க! சீக்கிரம் வாங்க!"

மறுபடியும் அதையே. மறுபடியும். விரலை எடுக்கவில்லை. எடுத்தால் வெளியுலகம் அறுந்துவிடும் போலிருந்தது. சுவர்க் கடிகாரம் எனக்கு நேரே இருந்தது. நான்கு நிமிடம்.

9.56. விட்டேன். இரைச்சல். பிறகு அக்காவின் மூச்சு.

"வந்துக்கிட்டுதான்டா இருக்கேன். பாதி தூரம் வந்துட்டேன். கத்தாம இரு, புள்ளைங்க பயந்துக்கும்."

உடனே மறுபடி அழுத்தினேன். "கவனமா வாங்கக்கா" என்று சொல்லத்தான்.

9.57. இரண்டாவது சத்தம். முதலாவதைவிடச் சின்னது. கிட்ட.

அதற்குப் பிறகு கூப்பிட்டேன். விட்டுக் கேட்டேன். கூப்பிட்டேன். விட்டுக் கேட்டேன்.

11.15. பளீல் நானாவும் ஆறேழு பேரும் மேல் ரோட்டைச் சுற்றி வந்து ஜன்னல் கம்பியைப் பெயர்த்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே எடுத்தோம்.

பின்னேரம், எங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்தில் நானா சொன்னார். பாலத்தடியிலிருந்து பார்த்தால் குறுக்குப் பாதை தெரியும். அதன் ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஆறு தரம் கூப்பிட்டன் தம்பி. செல்வி, அதால எறங்காத, ரோட்டால வாண்டு சொன்னன். பதிலே இல்ல. செட்டு பழுது போல."

செட் பழுதில்லை. அக்காவுக்கு நான் கிட்ட இருந்தேன். நானா தூரம். நான் விரலை எடுக்காத வரை அவர் குரல் அக்காவின் செட்டில் விழ வழியில்லை. இதை நான் நானாவிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

போனவை: லயத்து வீடு ஏழு. மாடு இரண்டு. குறுக்குப் பாதை முழுவதும். செட் ஒன்று. செல்விக்கா, வயது இருபத்தாறு.

பிள்ளைமடுவத்தில் பதினொரு பேரும் தப்பினோம். தண்ணீர் என் இடுப்போடு நின்றுவிட்டது. அக்கா வராமல் இருந்திருந்தாலும் தப்பியிருப்போம்.