கோடு வரைக்கும்

விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்குங்க. வார்டன் தூங்கியாச்சு. நெருக்கி உக்காருங்க… ஜன்னல் பக்கம் முதுகு காட்டாதீங்க.

பேய்னா ராத்திரிதான் வரணும்னு யார் சொன்னது? இது உச்சி வெயில்ல நடந்தது. மத்தியானம் பன்னெண்டு மணி. சித்திரை மாசம். ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடக் கரை ரோடு. ஒரு மாட்டு வண்டி இல்ல, ஒரு காக்கா இல்ல. நம்ம நிழலே நம்ம காலுக்கடியில ஒடுங்கிக் கிடக்குற நேரம்…

நம்ம கலீலோட மாமா ஹனீஃபா, ஏழெட்டு வருஷம் முன்னாடி இங்க திருச்சியிலதான் கெமிஸ்ட்ரி ஆனர்ஸ் படிச்சார். அவருக்கும் அவர் சிநேகிதன் விக்டருக்கும் புரொபசர் ஒரு வேலை கொடுத்திருந்தார். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல, மண்ணுக்கடியில ஓடுற தண்ணியில எங்க எவ்வளவு உப்பு இருக்குன்னு பார்க்கணும். ஹனீஃபா சைக்கிள்ல போய்த் தண்ணி பிடிச்சுட்டு வருவார். விக்டர் லேபுல சோதிப்பான். விக்டர் தொட்டியத்துக்காரன், வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவங்கம்மா அக்னஸ் ஊர்லேர்ந்து வாழைத்தார் அனுப்பினா, பாதி ஹனீஃபா வயித்துக்குத்தான் போகும். அப்படிப்பட்ட சிநேகிதம்.

ஆறு வத்திக் கிடக்குறப்ப மணலைத் தோண்டினா ஊத்து வரும், தெரியும்ல? முதல்ல சுரக்குற கலங்கலை இறைச்சுக் கொட்டிட்டு, தெளிஞ்சதைப் பாட்டில்ல பிடிக்கணும். பாட்டில் கழுத்துல ஒரு கோடு இருக்கும். சரியா அந்தக் கோடு வரைக்கும். லேபுல எது குறைஞ்சாலும் காய்ச்சி வடிச்ச தண்ணியை விட்டுக் கோடு வரைக்கும் ஏத்திடுவாங்க. கெமிஸ்ட்ரி படிக்கிறவன் கைக்கு அது ஊறிப்போன பழக்கம். அந்தக் கோட்டை ஞாபகம் வச்சுக்கங்க.

அன்னிக்கு மாமாவுக்குத் தோண்ட அலுப்பு. பார்த்தா, நட்டாத்துல ஏற்கெனவே ஒரு ஊத்து. அப்பத்தான் தோண்டினது. பக்கத்துல குவிச்ச மணல் இன்னும் ஈரம். ஆளைக் காணோம். குடத்தைக் காணோம். சுத்தி மணல்ல ஒரு காலடி கூட இல்ல… அவரோடதைத் தவிர.

கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். மனுஷன் யோசிக்கலை. யாரோ பட்ட பாடு நமக்கு மிச்சம்னு குனிஞ்சு கோடு வரைக்கும் பிடிச்சுட்டார். அந்த வெயில்லயும் தண்ணியில கை விறைச்சுது. மூடியைத் திருகும்போது பின்னால ஒரு சத்தம். சரக்… சரக்… யாரோ நகத்தால மணலைச் சுரண்டுறாப்ல. திரும்பினார். வெறும் மணல். சைக்கிளை மிதிச்ச மிதியில செருப்பு ஒண்ணு எங்கயோ போச்சு.

லேபுல கண்ணாடிக் குழாயை வாயில வச்சு உறிஞ்சித்தான் தண்ணியை அளந்து எடுப்பாங்க. குழாய் நுனி தண்ணிக்குள்ள முங்கியே இருக்கணும். நுனி கொஞ்சம் மேல வந்தாப் போதும், மொத்தமும் வாய்க்குள்ள பாய்ஞ்சிடும். விக்டர் பேச்சு சுவாரசியத்துல அதைத்தான் செஞ்சான். ஒரு வாய். மடக்குனு உள்ள போயிடுச்சு.

"கொள்ளிடத்துத் தண்ணியாடா இது? கண்ணீராட்டம் கரிக்குது"ன்னு சிரிச்சான்.

குழாய்ல ஒட்டியிருந்த ஒரு சொட்டை, உப்பைக் காட்டிக் கொடுக்குற சில்வர் நைட்ரேட்டுல விட்டாங்க. கொள்ளிடத் தண்ணின்னா லேசா மங்கும், அவ்வளவுதான். இது தயிராட்டம் உறைஞ்சு நின்னுச்சு. அதோட ரெண்டு பேருக்கும் சிரிப்பு போச்சு.

சாயந்திரம் ஹாஸ்டல் ரூம்ல விக்டருக்குத் தாகம் பிடிச்சுது. பானையைக் காலி பண்ணினான். பக்கத்து ரூம் பானையையும் காலி பண்ணினான். உதடு வெடிச்சு ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அந்தப் புழுக்கத்துலயும் உடம்புல பொட்டு வேர்வை இல்ல. அவன் மூச்சு விட்டா காஞ்ச மணல்ல தண்ணி தெளிச்ச வாசனை. டாக்டர் வந்தார், மருந்து கொடுத்தார், உதட்டைப் பிதுக்கிட்டுப் போனார். தொட்டியத்துக்குத் தந்தி போச்சு.

விடியக்காலையில விக்டர் கண்ணைத் திறந்தான். மாமாவைப் பார்த்து, ரொம்ப மரியாதையா… அவன் குரலே இல்ல அது…

"நான் தோண்டின ஊத்துங்க. கையாலயே தோண்டினேன். என் தண்ணியைக் கொடுத்துடுங்க… முழுசா."

மாமா அவன் கையைப் பார்த்தார். பத்து நகத்துக்குள்ளயும் ஈர மணல்.

லேபுக்கு ஓடினார். பத்து மணிக்குப் பூட்டைத் திறக்குற வரைக்கும் வாசல்லயே நின்னார். பாட்டிலை எடுத்தார். கோட்டுக்குக் கீழ ஒரு வாய்த் தண்ணி குறையுது. விக்டர் குடிச்சது. அதுக்கு எங்க போறது? ஆனா அவர் கை, பழக்கம் பாருங்க, தானாப் போய்க் காய்ச்சி வடிச்ச தண்ணியை எடுத்துச்சு. கோடு வரைக்கும் ஏத்துச்சு. ஒரு வாய்தானே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டார்.

ஓதிக்கிட்டே போனார். அதே உச்சி வேளை. அதே இடம். ஊத்து பொட்டுத் தண்ணி இல்லாம வறண்டு கிடந்தது. மண்டி போட்டு ஊத்தினார். மணல் உறிஞ்சலை… குடிச்சுது. மடக்… மடக்… மடக்… தொண்டையில இறங்குற சத்தம். கடைசிச் சொட்டோட நின்னுச்சு. என் விக்டர் பிழைச்சான்னு அழுதே விட்டார் மனுஷன்.

அப்ப குழிக்கு அடியில லேசாத் தண்ணி ஊறுச்சு. கொஞ்சம்தான். ஒரு வாய் அளவு.

விரலால தொட்டு நாக்குல வச்சார். உப்பு இல்ல. ஆத்துத் தண்ணி ருசியும் இல்ல. சப்புன்னு இருந்தது. தினம் லேபுல புழங்குறவருக்கு அந்தச் சப்பு தெரியாதா? அவர் சேர்த்த தண்ணி. அதை மட்டும் தனியாப் பிரிச்சுத் திருப்பிக் கொடுத்திருக்கு.

நிமிர்ந்தார். குழிக்குப் பக்கத்துல அந்த மணல் குவியல் இன்னும் ஈரமாவே இருந்தது. அதுல ஒரு கை அள்ளின தடம். அஞ்சு விரலும் பதிஞ்சு, ஓரத்து மணல் இன்னும் சரிஞ்சுக்கிட்டு இருக்கு…

எப்படி வந்து சேர்ந்தார்னு அவருக்கே தெரியாது. ஹாஸ்டல் வாசல்ல ஒரே கூட்டம். அக்னஸம்மா வந்திருந்தாங்க. விக்டர் தூங்குறவனாட்டம் படுத்திருந்தான். முகத்துல அவ்வளவு அமைதி. மார்பு மட்டும் அசையலை.

"தம்பி, இவன் வாயில என்னமோ இருக்குய்யா"ன்னாங்க அந்தம்மா.

மாமா குனிஞ்சு உதட்டை விலக்கிப் பார்த்தார்.

ஈர மணல். அழுத்திச் சமமாத் தட்டி… சரியாப் பல்லு வரைக்கும் நிரப்பியிருந்தது.