லீவுக்கு வந்தவன்

பரக்கத் அலி: கதவச் சாத்திட்டுப் போடா. எனக்கு ஒண்ணுமில்ல.

நஸ்ருல்லா: ஒண்ணுமில்லைன்னா போர்வைய ஏன் அத்தா இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கீங்க?

பரக்கத் அலி: குளுருது.

நஸ்ருல்லா: திருச்சி வெயில்லயா?

பரக்கத் அலி: கெழவனுக்கு எல்லா வெயில்லயும் குளுரும். பீமராவ் வந்துட்டானா?

நஸ்ருல்லா: அவரு மச்சான் கல்யாணம்னு நேத்தே உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே ஊருக்குப் போனாரு? நாளான்னைக்குத்தான் வருவாரு.

பரக்கத் அலி: சரி, அவன் வந்தே பாத்துக்கட்டும்.

நஸ்ருல்லா: அது வரைக்கும் ஈரத்துலயே கெடப்பீங்களா?

பரக்கத் அலி: யாரு ஈரத்துல கெடக்குறா?

நஸ்ருல்லா: டயாப்பர் நெறஞ்சு பெட்ஷீட் வரைக்கும் வந்துருச்சு அத்தா. வாசப்படியிலயே தெரியுது.

பரக்கத் அலி: ... அந்த ஜன்னலத் தொற.

நஸ்ருல்லா: தொறந்துதான் இருக்கு.

பரக்கத் அலி: அப்ப ஃபேன வேகமா வையி.

நஸ்ருல்லா: ஃபேன் போட்டாக் காஞ்சிருமா? போர்வைய விடுங்க, பாப்போம்.

பரக்கத் அலி: தொடாதடா! பாலக்கரைக்குப் போன் போடு. சம்ரீன வரச் சொல்லு.

நஸ்ருல்லா: என் பொண்டாட்டி வந்தா மட்டும் விட்டுருவீங்களாக்கும்? இடுப்பு ஒடஞ்சு படுத்ததுலேர்ந்து அவள ஒரு நாள் கிட்ட விட்டதில்லையாமே. சோறு குடுக்கலாம், துணி தொவைக்கலாம், மத்ததுக்கெல்லாம் சம்பளத்துக்கு வச்ச பீமராவ்தானாம். சொல்லிச் சொல்லி அழுவுறா.

பரக்கத் அலி: வீட்டுக்கு வாழ வந்த புள்ளையப் போயி...

நஸ்ருல்லா: அதான் நாலு நாள் அம்மா வீட்டுல இருந்துட்டு வான்னு நானே அனுப்பி வச்சேன். நான் இருக்கேன்ல.

பரக்கத் அலி: நீ ஏன் இருக்க? லீவுல வந்தவன் பெரிய கடை வீதிப் பக்கம் போ, கூட்டாளிங்களப் பாரு, நல்லாச் சாப்புடு. கெழவன் பக்கத்துல என்னடா வேல?

நஸ்ருல்லா: இருங்க... இந்தச் சொம்புத் தண்ணி நேத்து வச்சது. அப்படியே இருக்கு.

பரக்கத் அலி: தாகம் எடுக்கல.

நஸ்ருல்லா: தாகம் எடுக்கலையா, குடிச்சா வந்துரும்னு பயமா? குடிக்காம இருந்தா நிக்காது அத்தா. மூத்திரம் கெட்டியாகி இன்னும் அவசரப்படுத்தும். எரியுதா?

பரக்கத் அலி: ... லேசா.

நஸ்ருல்லா: லேசாவா?

பரக்கத் அலி: எரியுதுடா! போதுமா?

நஸ்ருல்லா: அப்ப மொதல்ல ரெண்டு மொடக்கு குடிங்க. ம்... இன்னொன்னு. சாயங்காலம் டாக்டர்கிட்டயும் கேட்டுருவோம். விடியக்கால ஃபஜ்ரு தொழுதீங்களா?

பரக்கத் அலி: இந்த நஜீஸுல, அசுத்தத்துல கெடந்துக்கிட்டு எந்த மூஞ்சியோடடா அல்லாவக் கூப்புடுறது?

நஸ்ருல்லா: இது நோவு அத்தா. ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் சுத்தம் பண்ணி, கை கால் மூஞ்சி கழுவி ஒளு செஞ்சுக்கிட்டாப் போதும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வந்து சொன்னாராமே.

பரக்கத் அலி: சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒவ்வொரு வக்துக்கும் சுத்தம் பண்ண ஆளு?

நஸ்ருல்லா: ஆளு முன்னாடிதான் நிக்கிறேன். மத்தியானம் லுஹருக்கு நீங்க தொழுவுறீங்க.

பரக்கத் அலி: ... அப்ப ஒண்ணு பண்ணு. கண்ண மூடிக்க.

நஸ்ருல்லா: கண்ண மூடிக்கிட்டு எப்படித் தொடைக்கிறது?

பரக்கத் அலி: சரி. நான் மூடிக்கிறேன்.

நஸ்ருல்லா: மூடிக்கங்க. ஒடஞ்சது வலது பக்கந்தானே? எடது பக்கமாச் சாய்க்கிறேன். முட்டிக்கு நடுவுல தலகாணி வச்சுட்டேன்.

பரக்கத் அலி: தூக்காதடா, இடுப்பு...

நஸ்ருல்லா: தூக்கல, உருட்டுறேன். வலிக்குதா?

பரக்கத் அலி: ... இல்லையே.

நஸ்ருல்லா: தண்ணி சூடு சரியா இருக்கா?

பரக்கத் அலி: பீமராவ் பச்சத் தண்ணியிலதான் தொடைப்பான். இது... நல்லா இருக்கு.

நஸ்ருல்லா: தேய்க்கக் கூடாது. இப்படி ஒத்தி ஒத்தி எடுத்துக் காய விடணும். மடிப்புல ஈரம் நின்னா புண்ணு வந்துரும். இந்தா, கீழ் முதுகுல செவந்துருக்கு. விரல வச்சு அமுக்குறேன்...

பரக்கத் அலி: ஐயோ, புண்ணாடா?

நஸ்ருல்லா: இல்ல, அமுக்குனா வெளுத்து, விட்டா செவக்குது. இன்னும் புண்ணாகல. களிம்பு போட்டு, அப்பப்பத் திருப்பிப் படுக்க வச்சா சரியாயிரும். பழைய ஷீட்டச் சுருட்டி முதுகுக்கு அடியில விட்டுட்டேன், புதுசும் கூடவே இருக்கு. அந்த மேட்டத் தாண்டி மெதுவா இந்தப் பக்கம் வாங்க. அவ்வளவுதான்.

பரக்கத் அலி: அதுக்குள்ளயா?

நஸ்ருல்லா: கண்ணத் தொறக்கலாம்.

பரக்கத் அலி: பீமராவ் மாத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வரும். நீ எங்கடா கத்துக்கிட்ட?

நஸ்ருல்லா: யூடியூப்ல.

பரக்கத் அலி: யூடியூப்ல கண்ணு பழகும். கை பழகுமா?

நஸ்ருல்லா: டீ போட்டுக் கொண்டாரவா?

பரக்கத் அலி: பக்ரீதுக்குக் குடல் கழுவுனா மொட்ட மாடிக்கு ஓடுவ நீ. இப்ப மூஞ்சியக்கூடச் சுளிக்கல.

நஸ்ருல்லா: சக்கர போடவா, வேணாமா?

பரக்கத் அலி: உக்காருடா இங்க.

நஸ்ருல்லா: அத்தா... மஸ்கட்ல நான் ஸ்டோர் சூப்பர்வைசர் இல்ல.

பரக்கத் அலி: ம்.

நஸ்ருல்லா: நான் போன கொஞ்ச நாள்லயே அந்தக் கம்பெனிய மூடிட்டாங்க. திரும்பி வந்து என்ன பண்றதுன்னு தெரியல. ஒரு வீட்டுல ஆளு கேட்டாங்கன்னு போனேன். படுத்த படுக்கையா ஒரு பெரியவரு. அவரப் பாத்துக்கணும். எல்லாம்... இதெல்லாந்தான்.

பரக்கத் அலி: ம்.

நஸ்ருல்லா: சம்ரீனுக்கும் தெரியாது. நீங்க ஜமாத்துல எல்லார்கிட்டயும் எம் புள்ள சூப்பர்வைசருன்னு பெருமையாச் சொல்றப்ப, எப்படி அத்தா வாயத் தொறக்குறது?

பரக்கத் அலி: அந்தப் பெரியவரு நல்லவரா?

நஸ்ருல்லா: மொத நாளு என்னை ஓங்கி அறைஞ்சாரு.

பரக்கத் அலி: ஏன்?

நஸ்ருல்லா: வெக்கத்துல. அறைஞ்சுட்டு அவரே அழுதாரு. இப்ப நான் லீவுல கெளம்புறேன்னாலே சாப்புட மாட்டேங்குறாரு.

பரக்கத் அலி: நீ என்ன பண்ணுன... அந்த மொத நாளு?

நஸ்ருல்லா: வீட்டுக்குப் பின்னாடி போயி வாந்தி எடுத்தேன். அப்புறம் பழகிருச்சு. நீங்க விழுந்தீங்கன்னு போன் வந்ததுலேர்ந்துதான் மறுபடியும் முடியல. அவரத் திருப்பிப் போடுறப்பல்லாம், எங்க அத்தாவ அங்க யாரு திருப்பிப் போடுறாங்களோன்னு... அதே நெனப்புதான் அத்தா. கோவமா? ரெண்டு வார்த்த திட்டியாச்சும் விடுங்க.

பரக்கத் அலி: எல்லாம் தெரியும்டா. நீ போன மறு வருசமே நம்ம தெரு ரசூலோட மகன் மஸ்கட்லேர்ந்து வந்து எங்கிட்ட சொல்லிட்டான். வெளிய சொல்லாதேன்னு அவன் வாயக் கட்டிட்டு, ஜமாத்துல சூப்பர்வைசரு சூப்பர்வைசருன்னு நானா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அங்கயும் நாளெல்லாம் இதையே செஞ்சுட்டு, லீவுக்கு வந்த எடத்துலயும் எம் புள்ள இதையேதான் செய்யணுமான்னு நெனச்சுத்தாண்டா... விடிஞ்சதுலேர்ந்து ஈரத்துல பேசாமக் கெடந்தேன்.