பட்டு என்றால் சில்க்

மிளகாய் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்துவைப்பது நல்லது, இன்ஸ்பெக்டர். எங்கள் கட்கி வீட்டில் இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான்.

என் மனைவி அரைக்கும் தோசை மிளகாய்ப்பொடிக்குப் 'பட்டு' என்று பெயர் வைத்தவன் நான். அவளைக் கூப்பிடுகிற பெயர்தான். கராடியில் ஐ.டி. பிள்ளைகள் சொல்லிவைத்து வாங்குவார்கள். மூன்று வருஷம் முன்பு பக்கத்து ஊர் சாகணில் ஒருவன் அதே பெயரில், அதே மஞ்சள் கவரில் பொடி போட ஆரம்பித்தான். டிரேட்மார்க் பதிவு செய்தால்தான் அவனை நிறுத்த முடியும்.

உயிரோடிருப்பவர் பெயரென்றால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றார் வக்கீல் வைஷாலி. காலமானவரென்றால் வாரிசின் கையெழுத்து போதுமாம். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான்.

பட்டு கையெழுத்துப் போடவில்லை.

"பொடி என்னோடது, பேரும் என்னோடது. பதியறதா இருந்தா என் பேர்ல பதியுங்கோ. உங்க பேர்ல எதுக்கு?"

எள்ளைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். மூன்று மாதம் கேட்டுப் பார்த்தேன். நான் பொறுமைசாலி, அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அதற்குள் சாகண்காரன் கராடிக்கே வந்துவிட்டான்.

அவளுக்கு இழுப்பு உண்டு. அன்று இன்ஹேலரை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஜன்னலை வெளியிலிருந்து கம்பியால் கட்டியிருந்தேன். மிளகாய் வாணலியில் விழுந்ததும் சமையலறைக் கதவைத் தாழிட்டேன். நெடி கூடம்வரை வந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டேன். கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரம்தான். டாக்டர் இழுப்பு என்றே எழுதினார்.

காரியங்கள் முடிந்ததும் இறப்புச் சான்றிதழையும் என் சம்மதக் கடிதத்தையும் வைஷாலியிடம் கொடுத்தேன். இதில் கிரிஜா என்றல்லவா இருக்கிறது, பட்டு யார் என்று கேட்டார். வீட்டில் கூப்பிடும் பெயர் என்றேன். எங்களவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான், காகிதத்தில் ஒன்று, வாயில் ஒன்று. ஆதாரில்கூடப் பட்டு இல்லை. எனக்கே மறந்துபோயிருந்தது.

அப்படியானால் கடிதமே தேவையில்லையே, முன்பே சொல்லியிருக்கலாமே என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விண்ணப்பத்தில் சொல்லுக்குப் பொருள் கேட்ட கட்டத்தில் 'சில்க்' என்று எழுதினார்.

பதிவாகி வந்துவிட்டது. சாகண்காரன் கவரை மாற்றிவிட்டான்.

அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் பட்டு என்று போடாதீர்கள். அது இப்போது என் பெயரில் இருக்கிறது.